நான் இடம் மாற்றிய தாள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. இதில் வரும் நேரங்களை நினைவிலிருந்து எழுதவில்லை. கணினியில் பதிவாகியிருப்பதைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

தோவாளைப் பக்கம் உள்ள பழைய மிஷன் ஆஸ்பத்திரி அது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மருத்துவப் பதிவுப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நோயாளிகளின் பழைய பைல்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவோம். டாக்டர்கள் கேட்டால் தேடி எடுத்துச் சொல்வோம். ஸ்கேன் முடிந்த தாள்கள் நாகர்கோவிலில் ஒரு குடோனுக்குப் போய்விடும். கணினியில் இருப்பதுதான் பைல்.

பிரிவில் நாங்கள் நான்கு பேர். தலைமை எழுத்தர் ரசலையன் சார், தேவகனி அக்கா, ஜினிஷா, நான். மற்ற மூவரும் சபைக்காரர்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்விடுவார்கள். நான் சைவ வீட்டுப் பெண். அதனால் ஞாயிறு டியூட்டி எப்போதும் எனக்குத்தான். எனக்கும் அது பிடிக்கும். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

சேர்ந்த முதல் வாரம் ஜினிஷா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "ஏட்டி, ஒனக்க நாக்க லாக்கர்ல வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அங்கே எனக்கு இருந்த ஒரே தோழி அவள்தான்.

போன நவம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று வலி வந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்தே மழை. பத்து மணிக்குக் கோயில் மணி அடித்தது. சற்று நேரத்தில் மழையோடு சேர்ந்து பாட்டுச் சத்தம் வந்தது. வராந்தாவில் ஆள் இல்லை.

10.42. போன் அடித்தது. லேபர் வார்டு நர்ஸ் பெமிலா சிஸ்டர்.

"அஸ்வதி, ஜினிஷாவ தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சு. ரத்தம் நிக்கல்ல. மொத பிரசவத்துல என்னமோ ஊசி போட்டு மூச்சு நின்னுச்சுன்னு அவளுக்க அம்ம சொல்லுகா. எந்த ஊசின்னு அவளுக்குத் தெரியல்ல. பழைய பைல்ல இருக்கும். வேகம் பாத்துச் சொல்லு மக்கா. டாக்டர் நிக்காரு."

பழைய பைல்கள் எங்கள் கணினிகளில் மட்டும்தான் திறக்கும். 'ஜினிஷா' என்று தேடினேன். நூற்று எழுபது பேர் வந்தார்கள். கணவர் பெயரைச் சேர்த்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் பிரசவத்தின்போது அப்பா பெயரில் பதிந்திருப்பார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. அதைப் போட்டேன். ஆறு இலக்க எண்ணோடு ஒரே பைல் வந்தது.

10.47. திறந்தேன்.

அட்டவணையில் ஆறு தாள்கள். நான்காவது 'மருந்துப் பதிவு'. எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த சின்னச் சின்னப் படங்களை எண்ணினேன். ஏழு.

நான்கை அழுத்தினேன். ஏழு திறந்தது.

அது ஒரு மரணக் குறிப்புப் படிவம். எந்தத் தாளாக இருந்தாலும் அதன் தலையில் பெயரையும் எண்ணையும் கணினியே போட்டுவிடும். எந்தப் பைலில் இருக்கிறதோ அந்தப் பெயர். இதில் ஜினிஷாவின் பெயர் இருந்தது. கீழே நீல மையில் கையெழுத்து. உயிர் பிரிந்த நேரம்: காலை 11.40.

தேதியைப் பார்த்தேன்.

அன்றைய தேதி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10.49.

யாரோ தவறுதலாக ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்களிடம் அது சகஜம். தேதியைக்கூடத் தப்பாக எழுதுவார்கள். அப்போதுதான் தாளின் ஓரத்தைக் கவனித்தேன். ஸ்கேன் செய்யும்போது தாளை அழுத்திப் பிடித்தால் விரல் விழுந்துவிடும். இதிலும் ஒரு கட்டை விரலின் நகம் விழுந்திருந்தது. கறுத்த நகம்.

மூடினேன். மறுபடி நான்கை அழுத்தினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. ட்ர்ர்ர்ர்...

ஸ்கேனர்.

அந்த அறை பூட்டியிருந்தது. சாவி என் மேஜையில் இருந்தது. மூடியின் கீழே பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல நகர்ந்தது... நின்றது.

திரையில் ஏழாவது தாள். இப்போது கட்டை விரல் முழுதாகத் தெரிந்தது.

போன் அடித்தது. 10.55.

"கிட்டிச்சா?"

"சிஸ்டர்... தொறக்க மாட்டேங்குது."

"தொறக்கல்லன்னு சொல்லாத! இங்க பிள்ள வெளுத்துப் போய்க் கெடக்கா!"

"ரெண்டு நிமிஷம்..."

மறுபடி நான்கு.

ட்ர்ர்ர்ர்...

ஏழு.

நான்கு விரல்கள். உள்ளங்கையின் பாதி. கை தாளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தாளின் மேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்தத் தாள் அங்கே இருக்கும்வரை நான்காவது தாள் திறக்காது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

மருத்துவப் பதிவை யாரும் அழிக்க முடியாது. கணினி விடாது. வேறு பைலுக்கு இடம் மாற்றலாம், அவ்வளவுதான். யாருடையது என்று தெரியாத தாள் வந்தால் நாங்கள் 000001 என்ற எண்ணில் போட்டுவைப்போம். எனக்கு முதல் நாளே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலை ரசலையன் சார் அதைத் திறந்து, சேர்ந்திருக்கும் தாள்களைப் பிரித்து அந்தந்தப் பைலில் போடுவார். அந்த எண் ஆளில்லாத எண் என்றுதான் எட்டு மாதமாக நினைத்திருந்தேன்.

'இடம் மாற்று' என்பதை அழுத்தினேன். எண் கேட்டது.

000001.

10.58.

ஸ்கேனர் சத்தம் வரவில்லை. சின்னப் படங்கள் ஆறாகின.

நான்கை அழுத்தினேன். மருந்துப் பதிவு திறந்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஊசியின் பெயர்.

போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பெமிலா சிஸ்டர் மூச்சை இழுப்பது கேட்டது. "தெய்வமே... அதத்தான் மக்கா இப்ப கையில எடுத்து வச்சிருக்கோம்."

போனை வைத்துவிட்டார்.

அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 11.20. 11.31. கோயிலில் பாட்டு நின்றிருந்தது. பிரசங்க நேரம். மழை மட்டும் பெய்தது.

11.38.

11.39.

11.40.

எதுவும் நடக்கவில்லை.

11.43. போன்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ. ஏட்டி, நீ அழுகியா?"

ஆமாம். அழுதேன்.

முகம் கழுவிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அப்போதுதான் மழையில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே வந்தது. சபை ஆட்கள் நான்கைந்து பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். வெள்ளை வேட்டி. ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் தேவகனி அக்கா நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"ஏட்டி, நம்ம சாரு... பிரசங்கம் கேட்டுட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு..."

ரசலையன் சாரின் உயிர் வழியிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். உயிர் வழியில் போகவில்லை. சார் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் கடிகாரம் பார்த்திருக்கிறார். பதினொன்று நாற்பது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். தேவகனி அக்கா அவருடைய மேஜையைத் துடைத்துக்கொண்டே தானாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டர் வந்த அன்னைக்குப் போதகர் வந்து ஜெபம் பண்ணினாரு. மொதல்ல யாருக்க பைல வைக்கன்னு எல்லாரும் தயங்கிட்டு நின்னோம். சார்தான், 'எனக்க பைல் இருக்கட்டும், நான் இந்த ஆஸ்பத்திரியில பொறந்தவன்லா'ன்னு அவருக்கத எடுத்து வச்சாரு. ஆரம்பத்துல பழகுறதுக்கு எல்லாத்தையும் அதுலதான் போட்டோம். அப்படியே அது வழக்கமாப் போச்சு..."

"எது அக்கா?"

"அந்த ஒண்ணாம் நம்பர்."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு 000001 பைலைத் திறந்தேன். கடைசித் தாள் அதுதான். நீல மை. 11.40. தலையில் ரசலையன் என்ற பெயர். ஓரத்தில் விரல் இல்லை. கை இல்லை. சுத்தமான தாள்.

நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜினிஷா பிள்ளையோடு வீட்டுக்குப் போன அன்று எனக்குப் போன் செய்தாள். "ஞானஸ்நானத்துல சாருக்க பேரையும் பிள்ளைக்குச் சேத்து வைக்கலாம்னு இருக்கேன். எனக்க மேல எவ்வளவு பிரியமா இருந்தாரு, இல்லியா?" என்றாள். நான் "ம்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாளின் வரலாற்றைப் பார்க்கத் தோன்றியது. ஒவ்வொரு தாளும் எங்கிருந்து எங்கே போனது, யார் மாற்றியது, எப்போது என்று கணினி குறித்து வைக்கும். யார் ஸ்கேன் செய்தது என்பதுதான் முதல் வரியாக இருக்கும்.

இந்தத் தாளுக்கு அந்த வரி இல்லை. இரண்டே வரிகள்தான் இருந்தன.

இரண்டாவது என்னுடையது. ஞாயிறு, 10.58. ஜினிஷாவின் எண்ணிலிருந்து 000001-க்கு.

முதலாவது அதற்கு முந்தின நாள். சனி, மாலை 4.52. 000001-லிருந்து ஜினிஷாவின் எண்ணுக்கு. மாற்றியவர்: ரசலையன்.

கை தவறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

000001-லிருந்து ஒரு தாளை வெளியே எடுக்கும்போது, போகும் எண்ணின் ஆறு இலக்கத்தையும் நாமே அடிக்க வேண்டும். அடித்ததும் அந்த எண்ணுக்கு உரியவரின் பெயர் திரையில் வரும். 'இவர்தானா?' என்று கணினி கேட்கும்.

பிறகு அதே எண்ணை இன்னொரு முறை அடிக்கச் சொல்லும்.