அணிலின் நடை

"அணில் ஏன் இப்படித் தளர்ந்து நடக்குது? ரெண்டு ஷிப்டு பார்த்துட்டு வருதா?" என்று முதலாளி கேட்டார்.

"பதினோராவது தடவை மாத்தினது சார்," என்றார் அனிமேஷன் அண்ணன்.

"நாளைக்கும் துள்ளலைன்னா பழைய லோகோவே போதும்."

எங்கள் விளம்பர நிறுவனத்தின் புது அடையாளமாக வரவிருந்த அணில் அது. அண்ணனுக்கு அது மூன்று மாத உழைப்பு. எதை வரைந்தாலும் முதலில் தானே நடந்து, போனில் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைவார். இருபது வருடம் மேசைமேல் குனிந்து தொங்கிப்போன தோள் அப்படியே அணிலுக்கும் வந்திருந்தது. அன்றுதான் அதைக் கவனித்தார். வெகுநேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, பக்கத்து மேசையில் மூன்றாம் வருடமாக உட்கார்ந்திருந்த என் பக்கம் போனைத் திருப்பினார்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எப்படி உள்ள வந்தே? அதே மாதிரி ஒரு தடவை நடந்து காட்டும்மா."