கப்பல் லீவில் வாங்கிய வீடு

1. சாவி

சேவியர் என் மேசையில் சாவிக்கொத்தை வைத்தபோது, வீடு அவர் பெயருக்குப் பதிவாகி முடிந்திருந்தது. "அக்கா, புது வீடு. நல்ல ஆளாப் பாத்துக் குடிவச்சு விடுங்க" என்றார்.

எனக்கு அப்போதே எரிச்சல்தான். தூத்துக்குடியில் வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்கித் தர ஒரு புரோக்கர், வாடகைக்கு விட வேறொரு புரோக்கர் என்பது இங்கே வழக்கம். முன்னவருக்கு விற்றால் போதும். குடிவருகிறவர்களிடம் ஏச்சு வாங்குவது நான்.

சேவியர் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். அந்தச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அடுத்த மெடிக்கலில் தேற மாட்டோம் என்று அவருக்கே தெரியும். சேர்த்ததையெல்லாம் போட்டு, போதாததற்கு பேங்க் லோனும் வாங்கி, ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் புது லேஅவுட்டில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை வாங்கியிருந்தார். வாடகை லோனைக் கட்டும். சாப்பாட்டுக்கு ஏதாவது லேத் பட்டறையில் வேலை பார்க்கலாம். இனிமேல் கப்பல் ஏற வேண்டாம். அதுதான் அவர் போட்ட திட்டம். அவர் மனைவி ஜெசிந்தா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி எப்படி தம்பி?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்படிக் கேக்கிய? நானே குடிச்சுப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். எளநி கணக்கா இருக்கு."

"எந்த மாசம் குடிச்சுப் பாத்திய?"

"இந்த டிசம்பர்லதான். லீவுல வந்ததும் போய்ப் பாத்தேன்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கப்பல்காரர்கள் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் லீவு கேட்டு வாங்கி வருவார்கள். நிச்சயதார்த்தம், ஞானஸ்நானம், பத்திரப் பதிவு எல்லாம் அந்த லீவுக்குள் முடிய வேண்டும். அப்போதுதான் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்திருக்கும். உப்பளத்துப் பக்கத்து போர்வெல் தண்ணீர் மார்கழியில் நன்றாகத்தான் இருக்கும். அதே தண்ணீரைச் சித்திரையில் வாயில் வைக்க முடியாது. கரையில் இருக்கிற எங்களுக்கு இது தெரியும். இத்தனை வருஷமும் சித்திரையில் நடுக்கடலில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

2. வேகாத பருப்பு

அவரை ஏமாளி என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்ணீர் மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, மறு முனையை நல்ல காதில் வைத்துக் கேட்டு, பேரிங் சரியாக இருக்கிறது என்று சொன்ன மனிதர். ஒயரிங், பைப் லைன், பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் எதையும் விடவில்லை. அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பார்த்த மாதம்தான் தப்பு.

தை பிறந்ததும் ஆள் பிடித்துக் குடிவைத்தேன். கீழே ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க் குடும்பம், மேலே விளாத்திகுளத்திலிருந்து வந்த புதுசாகக் கல்யாணமான ஜோடி. பங்குனி வரை ஒரு போன் இல்லை. நான்கூட, பரவாயில்லை, தப்பித்தார் என்று நினைத்தேன். சித்திரையில் விளாத்திகுளத்துப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, எத்தன விசில் விட்டாலும் பருப்பு வேக மாட்டேங்கு. சோப்பு போட்டா நுரையே இல்ல. குளிச்சா மேலெல்லாம் அரிக்கி. எங்களுக்கு வேற வீடு பாருங்க."

கரிசல் காட்டில் தண்ணீர்க் கஷ்டம் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அவளுக்கே பொறுக்கவில்லை என்றால் கிளார்க் வீட்டம்மா மட்டும் இருப்பாளா? சேவியர் லாரித் தண்ணீர் இறக்கினார். ஃபில்டர் மாட்டினார். போரை இன்னும் ஆழப்படுத்தினார். அதில் உப்பு கூடியதுதான் மிச்சம். மாநகராட்சிக் குழாய் அந்தத் தெருவுக்கு வந்துவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். குழாய் வரவில்லை. இரண்டு குடும்பமும் கிளம்பியது. அதற்குப் பிறகு நான் கூட்டிப் போனவர்கள் எல்லாம் முதலில் பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். பக்கத்து வீட்டில் உள்ளதைச் சொன்னார்கள்.

வீடு காலியாகக் கிடந்தாலும் லோன் சும்மா இருக்குமா? விற்கலாம் என்றால், வாங்கிய விலையைக் கேட்க ஆள் இல்லை. டூ-லெட் போர்டின் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போர்டு கீழே விழுந்தது. சேவியர் அதை எடுத்து மறுபடி கட்டினார்.

3. நல்ல தண்ணீர் வீடு

ஒரு நாள் சேவியர் போன் செய்தார். "அக்கா, ஊருக்குள்ள நல்ல தண்ணி வீடு ஒண்ணு வருது. கோயிலுக்குப் பக்கம். ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க."

தெரிந்தவர் யாருக்கோ உதவுகிறார் என்று நினைத்து, ஒரு டீச்சர் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனேன். போய் நின்றது அவர்கள் வீட்டு வாசலில். சேவியரின் அப்பா கட்டிய வீடு. ஜெசிந்தா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, என்ன இது?"

"அந்த வீட்டுக்கு ஆள் வரலயேக்கா. நாங்க அங்கன போயிடுதோம். இதுக்குன்னா வாடகை வரும்லா?"

"அவுக எங்க?"

"மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணியில எஞ்சினுக்கு ஆள் கேட்டாக. அங்கன காதெல்லாம் யாரும் பாக்க மாட்டாகளாம். நேத்துதான் ஏறுனாக. அந்த வீட்டுத் தண்ணிய நான் எப்படியாவது சமாளிச்சுக்கிடுதேன், நீங்க வெசனப்படாதீய."

கப்பல் சம்பளத்தில் பாதிகூடத் தோணியில் வராது. கரையில் இருப்பதற்காக வீடு வாங்கிய மனிதர், அந்த வீட்டுக்காகவே கடலுக்குப் போய்விட்டார். டீச்சர் சமையலறைக் குழாயைத் திறந்து, கையில் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே சரி என்று சொன்னார். இவ்வளவு சீக்கிரம் எந்த வீட்டையும் நான் முடித்ததில்லை. முடித்தோமே என்று இவ்வளவு வருத்தப்பட்டதும் இல்லை.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் முதன்முதலாக வாடகைக்கென்று வீடு வாங்குகிற பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். பத்திரம், பட்டா பார்க்க வக்கீல் இருக்கிறார், அதை அவரிடம் விடுங்கள் என்பேன். நீங்கள் சித்திரையில் ஒரு தடவை, அடைமழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் ஏன் போனார் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஆள் இல்லாத மாதங்களில் லோனை எதிலிருந்து கட்டுவீர்கள் என்று யோசியுங்கள். அந்த ஏரியாவில் ஆள் பிடித்து விடுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் பேசுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கிற பெண்ணை அங்கே கூட்டிப்போய், நீ இதில் குடியிருப்பாயா என்று கேளுங்கள். ஜெசிந்தாவிடம் அதை யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு விடப்போகிற வீடுதானே என்று இருந்துவிட்டார்கள்.