உப்பிட்ட திராட்சரசம்

அப்பா மூப்பராகப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் தம்பிக்கும் வீட்டில் ஜெயில் வாழ்க்கை ஆரம்பமாயிற்று.

காரைக்காலில் எங்களுடையது சின்னச் சபை. ஆலயத்தில் இருக்கும் பெஞ்சுகள் கிறிஸ்துமஸ் அன்றுதான் நிரம்பும். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் துணையாக இருந்து சபைக் காரியங்களைப் பார்க்கிறவர்கள் மூப்பர்கள்; முன்பெஞ்சு அவர்களுடையது. அதில் ஒருவர் மகனோடு சென்னைக்குக் குடிபோய்விட, அந்த இடத்துக்கு அப்பாவின் பெயர் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆலயத்தில் ஓலை வாசிக்கிற மாதிரி, மூப்பராகப் போகிறவரின் பெயரையும் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பது எங்கள் சபையின் வழக்கம். ஆட்சேபணை இருப்பவர்கள் ஐயரிடம் போய்ச் சொல்லலாம். மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டால் பதவி உறுதி.

அப்போதிருந்த ஐயர் இளைஞர், ஊருக்குப் புதிதாக வந்தவர். எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் என்பதில் குறியாக இருப்பார். அப்பாவின் பெயரை முதல் தடவை வாசித்த அன்று, மூப்பர் என்பவர் எப்படியிருக்க வேண்டும் என்பதையே பிரசங்கமாகச் செய்தார். குடிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, வந்தவர்களை உபசரிக்க வேண்டும், சபைக்கு வெளியே இருக்கிறவர்களும் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தம்பியின் கோலிக்குண்டைத் தேடிப் பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தபோது, மூப்பருடைய பிள்ளைகள் கீழ்ப்படிகிறவர்களாக இருக்க வேண்டும் என்பது காதில் விழுந்தது. உடனே அம்மாவின் கை வந்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது.

அன்றிலிருந்து நாங்கள் சண்டை போடக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. உபசரிக்கிற வேலையை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மீட்டர் பார்க்க வந்த ஆளுக்குக்கூட டீயும் முறுக்கும் கிடைத்தது. அப்பா ஜி.எச்.சில் மருந்து கொடுக்கிறவர். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரே ஆளுக்கு நாலு தடவை சிரித்த முகமாகச் சொல்கிற மனிதர். அவரிடம் போய், கோபப்படாமல் இருங்கள் என்று அம்மா சொன்னபோது எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் அம்மாவுக்கு அது சிரிப்பான விஷயம் இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா அதே ஆலயத்தில் மணியடித்துக் கூட்டிப் பெருக்கியவர். கடைசிவரை கதவோரமாக நின்றே ஆராதனையில் கலந்துகொண்டாராம். முன்பெஞ்சை ஆயுள் முழுக்கத் துடைத்த குடும்பத்திலிருந்து ஒருவர் அதில் உட்காரப் போகிறார் என்பதை நினைத்து அம்மா ஒரு நாள் அடுப்படியில் அழுததை நான் பார்த்தேன். அந்த நாளுக்கென்று அப்பாவுக்கு முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருந்தாள்.

இரண்டாவது தடவை பெயர் வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற, அந்த மாதத்து இராப்போஜன ஆராதனையும். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்போது குடையை மடக்கிக்கொண்டு பெரிய மூப்பர் வந்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் சார். இராப்போஜனத்துக்கான திராட்சரசம் வருஷக்கணக்காக அவர் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவரும் அவர் மனைவியுமாகத் திராட்சையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருவார்கள். அந்த வருஷம் கோடையில் அந்த அம்மா இறந்துவிட்டார்.

சார் சேலை முந்தானைத் துண்டு ஒன்றில் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இத கொஞ்சம் ருசி பாருங்க தம்பி. படைக்கிறதுக்கு முன்னாடி நான் வாயில வைக்கிறதில்ல, உங்களுக்குத் தெரியும். அந்த வேலைய எப்பவும் அவதான் பார்ப்பா."

அப்பா ஒரு கரண்டி ஊற்றி வாயில் வைத்தார். முகம் மாறாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"காலையில டீ போடப் போனேன். சர்க்கரை டப்பா நெறஞ்சு இருக்கு. உப்பு டப்பா காலியா கெடக்கு" என்றார் சார்.

புதுத் திராட்சை வாங்கிக் கொதிக்க வைக்கலாம் என்றால், மழையில் கம்பத்திலிருந்து லாரி வராமல் மார்க்கெட்டில் இரண்டு நாளாகவே பழம் இல்லை. "ஐயர்கிட்ட போய் உள்ளத சொல்லிடுறேன்" என்று சார் எழுந்தார். அப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வயசானவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஐயர் ஏற்கெனவே ஓரிரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். இது தெரிந்தால், இராப்போஜனத்தில் சார் ஏந்தி வருகிற பாத்திரத்தை அவர் கையிலிருந்து மரியாதையோடு வாங்கி வைத்துவிடுவார்கள். மனைவி போனபிறகு சாருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க சார். நான் பாத்துக்குறேன்" என்றார் அப்பா.

மழை பெய்தால் காரைக்காலுக்குத் திராட்சை வராது. ஆனால் எந்தப் புயலிலும் ஒயின் வராமல் இருந்ததில்லை. என்னைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் அப்பா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். டவுனில் திரும்பின பக்கமெல்லாம் கடைகள் இருக்க, அவர் பூவம் வரைக்கும் வண்டியை விட்டார். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்களுக்காகவே இருக்கிற கடைகள் அவை. நம் சபை ஆட்கள் யார் அங்கே வரப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. என்னை எதிரே பஜ்ஜிக் கடைக் கூரையின் கீழ் நிறுத்திவிட்டு, மருந்துக் கடைக்குப் போவதுபோல நேராக உள்ளே நடந்தார். ரோடு குறுகல் என்பதால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஒயின்ஷாப்புல வந்து ஒயின் கேக்குறது நீங்கதான் சார் மொத ஆளு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கடைக்காரர் தூசி தட்டி ஒரு பாட்டிலை எங்கிருந்தோ எடுத்தார்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் திரும்பிப் பார்த்தவர் என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கோவில்பத்தில் குடியிருப்பவர். அக்கா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவரும் அதே கணக்கைப் போட்டுத்தான் பூவம் வரைக்கும் வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முதலில் மிரண்டார். பிறகு, காணாமல் போன சொந்தம் திரும்பக் கிடைத்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மச்சான்."

"இது எனக்கு இல்லப்பா."

"இங்க யாருமே அவங்கவங்களுக்கு வாங்குறதில்ல மச்சான். நான்கூட கால்வலிக்குத் தேய்க்கத்தான் வாங்குறேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாருடைய பாட்டிலை வெந்நீர் விட்டுக் கழுவி, கடை ஒயினை அதில் மாற்றி, அதே துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "இத யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. அம்மாட்டகூட" என்றார். கீழ்ப்படிதலில் அப்போது நான் உச்சத்தில் இருந்த சமயம். சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் அப்பாவின் பெயரை இரண்டாவது தடவை வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும், இந்தத் தடவை திராட்சரசம் விசேஷமாக இருந்தது என்று ஐயர் எல்லோர் முன்பும் சாருக்கு நன்றி சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா கெட்டவர் இல்லை. இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருக்கு அப்பாமேல் கோபமோ பொறாமையோ கிடையாது. அவ்வளவு ஒழுக்கமான மனிதரும் தன்னைப் போன்றவர்தான் என்று தெரிந்ததில் அவருக்கு உண்டான சந்தோஷத்தை அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். "எங்க மச்சானும் நம்ம ஆளுதான்" என்று பிரியத்தோடு இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவரின் மனைவி பாடகர் குழுவில் பாடுகிறவர். புதன்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்த்த மாமா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு யாரும் ஓலை வாசிக்கவில்லையே.

அம்மா அப்பாவைக் கேட்டாள். "நான் குடிக்கிறவன் இல்லன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. "எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்றது? ஊருக்குத் தெரியணும்ல?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை ஐயரே வீட்டுக்கு வந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் கேட்டார்.

"அந்தக் கடைக்குப் போனீங்களா?"

"போனேங்க ஐயரே."

"வாங்குனீங்களா?"

"வாங்குனேன்."

"யாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் மேல கேக்க மாட்டேன்."

"அத சொல்றதுக்கில்லீங்க."

ஐயருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போனியாமே பாப்பா. அப்பா அத வாங்கி என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலையேன் என்று கெஞ்சுகிற பார்வை. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது: உப்பு டப்பா, சேலைத் துண்டு, வெந்நீர். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

ஐயர் எழுந்தார். "பிள்ளைய நல்லா வளத்துருக்கீங்க" என்றார். கிண்டலாக இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் அடங்காத பிள்ளையாக இருந்து உண்மையை உளறியிருந்தால் அப்பா மூப்பராகியிருப்பார். ஆனால் அடங்காத பிள்ளையைப் பெற்றவர் மூப்பராகக் கூடாது. இந்தச் சிக்கலிலிருந்து இன்றுவரை என்னால் வெளியே வர முடியவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். ஓய்வுநாள் பள்ளி, சுகவீனமாக இருக்கிறவர்கள், ஒரு கல்யாண ஓலை. அப்பாவின் பெயர் வரவில்லை. அடுத்து பாட்டு என்று சொல்லிவிட்டார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்போது முன்பெஞ்சில் இருந்த சார் பெஞ்சைப் பிடித்தபடி எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தார். அவர் ஒரு சொல் பேசுவதற்குள், பியானோகூட வாசிக்க ஆரம்பிக்காத நேரத்தில், அப்பா பாட்டை எடுத்துவிட்டார். என் அப்பாவுக்கு ராகமும் வராது தாளமும் வராது. ஆனாலும் தொண்டை கிழியப் பாடினார். சபை அரக்கப்பரக்க எழுந்து நின்று கூடப் பாடியது. சார் நின்றபடியே கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துவிட்டு, முன்னால் திரும்பிக்கொண்டார். எனக்கோ மானம் போயிற்று. மூப்பராக்கவில்லை என்பதுகூடப் புரியாமல் இப்படிப் பாடுகிறாரே என்று நினைத்தேன்.

அடுத்த இராப்போஜனத்துக்கு முந்தின நாள் அப்பா கறுப்புத் திராட்சை வாங்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். நீங்கள்தான் மூப்பர் இல்லையே, ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "ருசி பாக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார். அதன்பிறகு மாதாமாதம் போனார்.

முதல் தடவை போனதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அம்மா புதுச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். தைத்துவிட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு முன்னால் போய் முழங்கால் போட்டார். ஐயர் அப்பம் கொடுத்துக்கொண்டே போக, பின்னால் சார் பாத்திரத்தோடு வந்தார். எல்லோருக்கும் நிதானமாகக் கொடுத்து வந்தவருக்கு அப்பாவிடம் வந்தபோது மட்டும் பாத்திரம் சாய்ந்துவிட்டது. திராட்சரசம் சிந்திச் சட்டையின் மார்பில் விழுந்தது. சார் பாத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தன் அங்கவஸ்திரத்தால் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போனபிறகும் அப்பா முழங்காலிலேயே இருந்தார்.

அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்து, சோப்புப் போட்டு, வெயிலில் காய வைத்துப் பார்த்தாள். கறை போகவில்லை. அப்பா என்னவோ அந்தச் சட்டையை விசேஷத்துக்கெல்லாம் ஆசையாகப் போட்டுக்கொண்டார். பதவியும் போய் நல்ல சட்டையும் பாழாகிவிட்டதே என்று, சாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது.