கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றியது

ஜீவனஹள்ளி வீட்டுக்கு நான் இரண்டாந்தாரமாக வந்தபோது, பின்பக்க மதிலோரம் ஒரு கள்ளி நின்றது. கிளை, இலை ஒன்றும் கிடையாது. தூண் மாதிரி நேராக, ஓட்டுக்கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருடைய முதல் சம்சாரம் நட்டது. காக்ஸ் டவுன் பங்களா ஒன்றில் ஆயா வேலை பார்த்தவள், சுதந்திரம் வந்த வருஷம் அங்கிருந்து ஒரு சாண் துண்டு கொண்டுவந்து ஊன்றினாளாம். தெருக்குழாயில், நாங்கள் நல்லி என்போம், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், குடத்துக்குக் குடுமிப்பிடி. அதனால் தண்ணீர் கேட்காத செடியாகப் பார்த்து வைத்திருந்தாள்: கற்றாழை, நித்தியகல்யாணி, இந்தக் கள்ளி. பிரசவத்தில் அவளும் குழந்தையும் போய்ச் சேர்ந்தார்கள். கள்ளி அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது.

பகலில் அதை நான் சட்டை செய்யவில்லை. வெயில் காலத்து ராத்திரிகளில்தான் வினை. வருஷத்தில் ஐந்தாறு ராத்திரி பூக்கும், கை அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று. விடிந்தால் பிழிந்த துணி மாதிரி தொங்கும். பூக்கிற ராத்திரி என் வீட்டுக்காரருக்கு எப்படித்தான் தெரியுமோ, வாசனை வருமுன்பே எழுந்துவிடுவார். ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த மனுஷன், விடியும்வரை அதன் அடியில் குந்திக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். எனக்கு வயிறு எரியும். செத்தவளோடு சக்களத்திச் சண்டை போட முடியுமா? நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த மனுஷன் ராத்திரியில் என் பக்கத்தில் தூங்கவேண்டும்.

வெட்டினால் ஊர் வாயில் விழவேண்டும். கள்ளிக்குத் தண்ணீர் ஆகாதென்று எனக்குத் தெரியும், அதனால் தண்ணீர் ஊற்றினேன். தினம் சாயங்காலம் துணி அலசின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், போதாததற்கு நல்லித் தண்ணீரிலும் அரைக்குடம். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மூத்தவ வெச்ச செடிக்கு இந்தப் பஞ்சத்துலயும் தண்ணி ஊத்துறியே, உன் மனசு யாருக்கு வரும்" என்றாள். கூசிப்போனேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

இரண்டு மாசம் ஊற்றினேன். வெளியே பச்சை கொஞ்சமும் குறையவில்லை. ஒருநாள் அடியைத் தொட்டுப் பார்த்தேன், விரல் முழுக்க உள்ளே போயிற்று. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் விடிகாலை அடி நைந்து, மதிலில் சாய்ந்து விழுந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

மேல்பாதி கெடவில்லை. தெருவே வந்து துண்டு கேட்டது. எங்கள் பக்கத்தில் திருஷ்டி கழிய கள்ளியை வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். வீட்டைவிட்டுத் தொலைந்தால் சரியென்று நானே அரிவாள்மனையில் நறுக்கி ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தேன். சிலர் கட்டினார்கள், சிலர் நட்டார்கள்.

மறு வருஷம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். நானும்தான். அதற்கடுத்த வெயில் காலத்தில் ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பின்பக்கம் ஓடினேன், அங்கேயும் இல்லை. தெருக்கதவு திறந்து கிடந்தது. வெளியே காலெடுத்து வைத்ததும் அந்த வாசனை. ஒரு பக்கத்திலிருந்து இல்லை, தெரு முழுக்க. எதிர்வீட்டு வாசலுக்கு மேலே, இரண்டு வருஷமாக மண்ணும் தண்ணீரும் காணாமல் சுருங்கித் தொங்கின துண்டில் ஒரு பூ விரிந்திருந்தது. தலைகீழாகக் கட்டின துண்டு. பூ மட்டும் வளைந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் பூத்திருந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

அவர் நடுத்தெருவில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவர் போல நின்றார்.

"உள்ள வாங்க," என்றேன்.

"நீ தெனம் தண்ணி ஊத்தினதப் பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றார்.

"அப்புறம் ஏன் தடுக்கல?"

"இதோட அவ என்னை விட்டுடுவான்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன், பூத்த வாசல் எதையும் நிமிர்ந்து பார்க்காமல் என் பின்னால் ஒதுங்கினார். ஆசையில் போய் உட்காருகிறார் என்று நான் வெந்துகொண்டிருந்தேனே, அத்தனை வருஷமும் பயத்தில் போயிருக்கிறார். பின்பக்கத்தில் ஒரு மூலையில் நின்றவளை ஒன்பது வாசலுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தவள் நான்தான்.