டம்ளர் தட்டும் சத்தம்

எவர்சில்வர் டம்ளரைத் தரையில் லேசாகத் தட்டினால் தண்ணீர் வரும். செஞ்சிக்கு வெளியே, பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் நடந்த தியான முகாமில் சாப்பாட்டுக் கூடத்து விதி அது. யாரும் பேசக் கூடாது. வேண்டியதைத் தட்டித்தான் கேட்க வேண்டும். முதல் பந்தியில் யாரோ தட்டிய சத்தம் கேட்டதுமே பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அந்த விதியை என் வீட்டில் நான் எப்போதோ போட்டிருந்தேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுவேன். வீட்டில் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். மனைவியை அடித்ததில்லை, திட்டியதில்லை என்ற பெருமை வேறு. குழம்பில் உப்பு கூடியதற்கு, என்னைக் கேட்காமல் தன் தம்பியைச் சாப்பிட அழைத்ததற்கு, அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வரச்சொல்லி வற்புறுத்தியதற்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் தண்டனை. வாரக்கணக்கில் நீளும். தாகமெடுத்தால் டம்ளரை மேசையில் தட்டுவேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் எங்கள் பின்சுவரில் உட்காரும். என் காதில் விழும்படி அவற்றோடு பேசுவாள். "இன்னாடா பாக்குற? ஐயா இன்னிக்கும் மௌன விரதம். நீயாவது சொல்லு, கொழம்புல உப்பு சரியா இருக்குதா?" குரங்கு பல்லைக் காட்டும். "பாத்தியா, இதுகூட பதில் சொல்லுது!" செய்தித்தாளுக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு முட்டும். அடக்கிக்கொள்வேன். சிரித்தால் தோற்றதாக ஆகிவிடும். ஒரு சாயங்காலம் குரல் தாழ்த்திச் சொன்னாள்: "நெஞ்சுல இன்னாவோ அடைக்கிற மாதிரி இருக்குதுடா. யார்கிட்ட போய் சொல்றது?" எனக்கு நன்றாகவே கேட்டது. அவளே வந்து என்னிடம் சொல்லட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் காலை ஆம்புலன்சில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். அதன்பின் அவள் கண் திறக்கவேயில்லை.

"நைனா, கொஞ்சம் மனசு லேசாகி வா" என்று மகன்தான் என்னை முகாமில் சேர்த்துவிட்டான். அவனைவிட இளையவரான ஆசான் ஒலிபெருக்கியில், எண்ணங்களை விடுங்கள், பாறையைப் பாருங்கள், உள்ளே இருப்பவரைச் சந்தியுங்கள் என்றார். பாறையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறைதான். இடுப்பு வலித்தது. எறும்பு கடித்தது. திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர் கண்மூடிப் புன்னகைத்தது எரிச்சலூட்டியது. உள்ளே இருப்பவனைச் சந்திக்க எனக்கு ஆசையே இல்லை. அவனை எனக்குத் தெரியும். செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கடைசி நாள் காலையில் மதில்மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கண்மூடியிருக்க, என்னை மட்டும் நேராகப் பார்த்தது. அவளைப்போல ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அது சலித்துப்போய் இறங்கிப் போய்விட்டது.

மதியப் பந்தியில் பரிமாறிய அம்மாள் பக்கத்துக் கிராமத்துக்காரர். தண்ணீர்ச் செம்போடு என் முன்னால் நின்று, நான் தட்டுவதற்காகக் காத்திருந்தார். டம்ளரை எடுத்தேன். கை தரைக்குப் போகவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஐயய்யோ, வாயத் தொறந்துட்டீங்களே சார்! சாமியாரு திட்டுவாரு" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குனிந்து ஊற்றும்போது என் காதருகே மெல்லக் கேட்டார்: "எவ்ளோ பதவிசா கேக்குறீங்க. வூட்டுக்கார அம்மாகிட்டயும் இப்டித்தான் கேப்பீங்களா?"

தண்ணீரைக் குடித்து முடித்தேன். டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.