சவுரிமுத்துவோட வலது கை

என் தம்பி சவுரிமுத்துவுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ப்ரெஸ் மிஷின் ஓட்டினான். மேலேர்ந்து இரும்பு இறங்கித் தகடை வெட்டும். எட்டு வருஷத்துக்கு முன்ன அவன் இடது கையில மூணு விரலை அதுதான் தின்னுச்சு. சோத்துக்கு இன்னா வழி? திரும்பவும் அங்கியே போனான்.

ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. பூசை முடிஞ்சதும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடுவான். அங்க அவனாட்டம் இருபது பேர் கூடுவாங்க, சாயங்காலம் வரைக்கும் கையாலியே பேச்சு. வூட்டுல என்னாண்ட சோறு, தண்ணி, காசு, அவ்ளோதான். அதுக்கு மேல நான் கத்துக்கல, சோம்பேறிக் கழுதை.

சைகை மொழி ஆராய்ச்சி பண்ற ரோஹிணின்னு ஒரு பொண்ணு ஸ்டேஷன்ல அவனை வீடியோ எடுத்துச்சு. வூட்டுக்கும் வந்து வெளக்குச்சு: "நாம சத்தத்தைச் சேர்த்து வார்த்தை பண்றோம்லக்கா, இவங்களுக்கு விரல் நிக்கிற தினுசு, கை இருக்கிற இடம், அசையிற விதம். ஒண்ணு மாறினாலும் வார்த்தையே மாறிடும்."

நான் மீன் கழுவிகினே தலையாட்டினேன்.

போன ஜூலையில வலது கை ப்ரெஸ்ல மாட்டுச்சு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கித் தொங்குது. டாக்டர் சொன்னாரு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒட்ட வைக்க முயற்சி பண்ணலாம், உறுதி இல்ல. இங்கேயே எடுத்துட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்."

"வேலைக்குப் போவானா சார்?"னு கேட்டேன். கட்டை விரல் இருக்கு, பொருளைப் பிடிக்கலாம்னாரு. தம்பிக்கு ஒரு கை கட்டுல, ஒரு கை டிரிப்ஸ் ஊசியில. என்னையே பாத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிகினே இருந்தான். வலின்னு நினைச்சேன், பாவி. விரலை எடுத்துடுங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

காயம் ஆறி ஸ்டேஷனுக்குப் போனான். ஒவ்வொண்ணையும் நாலு தபா சொல்லியும் கூட்டாளிங்களுக்குப் புரியலியாம், ரோஹிணி சொல்லுச்சு. அவங்க பொறுமையாத்தான் பாத்தாங்க, இவனுக்குத்தான் தாங்கல. ரெண்டு வாரத்துல நின்னுட்டான். கம்பெனியிலயும் சேத்துக்கல. கையை லுங்கிக்குள்ள வெச்சுகினு சுவரைப் பாத்து உக்காந்துகீறான்.

போன வாரம் ரோஹிணி அந்தப் பழைய வீடியோவை என் போன்ல போட்டுக் குடுத்துச்சு. அதுல அவன் இடது கையைக் காட்டுறான். அப்புறம் வலது கையை வாயாண்ட வெச்சு, நெஞ்சோட அணைச்சுக்கிறான்.

"இன்னா சொல்றான்மா?"

"அந்தக் கை போச்சு, இதுலதான் பேசறேன், இதை மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்றாருக்கா."

நான் குடுத்துட்டேன். அவனை ஒரு வார்த்தை கேக்கல.