நாற்பத்தொன்றாம் படகு

மன்னாரில் ஒரு மீனவர் சங்கத்தின் மென்பொருளை நான் பராமரிக்கிறேன். கரை திரும்பாத படகுகளில் போனவர்களின் வீட்டாருக்கு அது குறுஞ்செய்தி அனுப்பும். முன்பு இருந்தவர் எழுதிய நிரலை ஒழுங்குபடுத்தியபோது, நாற்பத்தொன்றாம் படகுக்கு மட்டும் அனுப்பாதே என்று ஒரு வரி இருந்தது. காரணம் குறிக்கப்படவில்லை. தேவையற்றதென்று அழித்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பெண் போனோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார்.

“தம்பி, என்ர மனுசன்ர படகு இன்னும் வரேல்லையெண்டு மெசேஜ் வந்திருக்கு. திரும்பவும் தேடத் தொடங்கிட்டியளோ?”

சங்கச் செயலாளர் என் காதருகே குனிந்தார். “மூண்டு வருசத்துக்கு முதல் காணாமப் போன படகு. பதிவில இருந்து எடுக்க இவ விடேல்லை.”

“மெசேஜ் பிழையா வந்திட்டுது, அக்கா,” என்றேன்.

“ஓம்,” என்றுவிட்டுப் போனார்.

அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். பக்கத்தில் காரணத்தை எழுதப் போனேன். எனக்கும் கை வரவில்லை.